இரண்டாவது கவட்டை

1. இன்று காலை செண்பகத்தோப்பில் சர்வே கருவியின் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்தேன்.
2. அதன் கால்களில் இருந்த ரப்பர் வெயிலில் சூடாகி வாடை அடித்தது.
3. அப்பாவின் கவட்டை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. கரும்பை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடும்போது துப்பாக்கி ஆடாமலிருக்க, அப்பா இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்து, மேலே சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கவட்டை செய்திருந்தார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது.

ஒரு மதியம் வனக்காவலர் வந்துவிட்டார். துப்பாக்கி வைக்கோல் படப்புக்குள் இருந்தது. கவட்டை முற்றத்து மண்ணிலேயே ஊன்றி நின்றது.

"இது எதுக்கும்மா?"

அம்மா ஈரச்சேலையை அதன்மேல் போட்டாள். "துணிக்கொடி கட்டத்தான் சார்."

"ஒத்தக் கவட்டைய வச்சு எப்படிக் கொடி கட்டுவீக?"

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். "இன்னொண்ணு அப்பா செய்யப் போறாக சார்," என்றேன்.

"அப்ப நாளைக்கு வந்து பாக்கேன் பாப்பா."

அவர் போனதும் அப்பா இரண்டாவது கவட்டையைக் கட்டினார். டியூப் மூன்று முறை நழுவியது. மறுநாள் காவலர் வந்தபோது கொடி நிறையத் துணி தொங்கியது. அவர் அப்பாவை மட்டும் பார்த்தார்.

"இனி இது துணிக்கு மட்டுந்தான், என்ன?"

அம்மா இன்றும் அந்தக் கொடியில்தான் துணி காயப்போடுகிறாள். அப்பா அதன்பிறகு வேட்டைக்குப் போகவில்லை. துப்பாக்கி எங்கே என்று நான் கேட்டதில்லை.