வயிறு என்று சொல்ல ஆளில்லை

ஆறாம் மாசத்தில் என் வயிற்றுக்குள் இரண்டு குடித்தனம் இருந்தது. ஒன்று பிள்ளை. இன்னொன்று என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டால் நெஞ்சுவரை எரியும். சாப்பிடாவிட்டால் தொப்புளுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கும். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகாது. வயிறு மேளம் மாதிரி இருக்கும், தட்டினால் சத்தம்கூட வரும். நானே தட்டிப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் நிற்க வேண்டும்போல இருக்கும், நின்றால் படுக்க வேண்டும்போல இருக்கும், படுத்தால் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். தாராவியில் எங்கள் அறை பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் நான் நடந்த நடையை ஒரே திசையில் நடந்திருந்தால் திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

நீங்கள் சிரிக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம், ஐந்தாம் மாசத்தில், இதே மாதிரி வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தது. ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். அது ஓமத்தண்ணீருக்கு அடங்குகிற வலி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயும் பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்கு ஒரே கேள்விதான். இது சோற்று வலியா, பிள்ளை வலியா?

கேட்டால் சொல்ல எங்கள் சந்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ரேஷனில் அரிசி குறைந்து கோதுமை வந்த வருஷம் அது. சப்பாத்திதான் வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. என்னைப் பார்த்துக் கண் வைக்கும்படி அப்போது என்னிடம் என்ன இருந்தது என்று கேட்டேன். பையன்தான், அதனால்தான் இத்தனை சேட்டை என்று ஒருத்தி. பொம்பளைப் பிள்ளைதான், இப்போதே மாமியாரைப் போல வயிற்றில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறது என்று இன்னொருத்தி. பெருங்காயம், சீரகம், சுக்கு, விளக்கெண்ணெய் என்று ஒரு மளிகைக் கடையே எனக்குள் போயிற்று. வெளியேதான் ஒன்றும் வரவில்லை.

பக்கத்து அறையில் மேலப்பாளையத்து லாத்தா இருந்தாள், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், பம்பாய்க்கு வந்து ரொம்ப வருஷம் ஆனவள், இந்தியில் சண்டையே போடுவாள். அவள் மட்டும் நோய்க்குப் பேர் வைக்கவில்லை. பக்கத்து மாட்டுங்காவில் தமிழ் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய் வாயைத் திறந்து சொல் என்றாள். நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அந்த டாக்டர் பெரிய இடத்து ஆட்களுக்குத்தான் பார்ப்பார் என்றார், மாட்டுங்காவுக்குப் போக வேண்டும் என்றார், என்னமோ வங்காளத்துக்குப் போகச் சொன்ன மாதிரி. முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறாள், அங்கே போவோம், நான் இந்தியில் எடுத்துச் சொல்கிறேன் என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் பட்டறையில் பெல்ட் தைக்கிற வேலை. கை அத்தனை சுத்தம். வாய்தான் வேலை செய்யாது. அத்தனை கூச்சம். எனக்கு வளையல் வாங்கப் போனால்கூடக் கடைக்காரனிடம் தங்கச்சிக்கு என்றுதான் சொல்லுவார். அவருக்குத் தங்கச்சியே கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் எனக்கு இந்தி தெரியாது, டாக்டரம்மா மராத்திக்காரி, அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பச்சைத் துணித் திரை. இந்தப் பக்கம் நானும் டாக்டரும், அந்தப் பக்கம் அவர். நான் தமிழில் சொல்ல வேண்டும், அவர் திரைக்குப் பின்னாலிருந்து இந்தியில் சொல்ல வேண்டும். திரைக்குக் கீழே அவருடைய இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எரிச்சல், இழுப்பு, ஐந்து நாளாகப் போகாதது, மேளம், ஒன்று விடவில்லை. செருப்புகள் இப்படியும் அப்படியும் நகர்ந்தன. பிறகு அவர் என்னமோ சொன்னார். டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். சத்து மாத்திரை என்று சிவப்பாக ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு, நாலு நாள் என்றிருந்தது ஆறு நாள் ஆயிற்று.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அதே திரை, அதே செருப்பு. இதற்குள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். எனக்கு இந்தியில் ஒரு சொல் தெரியும். லோக்கல் ரயிலில் பிச்சை கேட்கிறவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு ‘பேட், பேட்’ என்று சொல்லுவார்கள். அதுதான் வயிறு. அந்த ஒரு சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்றே நீளமாகவும் சொன்னேன். என் வயிற்றுக்குள் அம்மிக்கல் கிடக்கிறது, அதுவும் என் மாமியார் வீட்டு அம்மி, அதன் மேல் உட்கார்ந்து யாரோ மிளகாய் அரைக்கிறார்கள், இப்படியே சொல்லும் என்றேன். திரைக்குக் கீழே ஒரு செருப்பு இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. பிறகு நாலே சொல் வந்தது. சக்கர் வந்தது, கம்ஜோரி வந்தது. பேட் வரவில்லை. நானும் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் மாதிரி கடைசிவரை பார்த்தேன், அந்த வண்டி வரவே இல்லை.

டாக்டரம்மா சிவப்பு மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக்கினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

“நான் எவ்வளவு சொன்னேன், நீங்க எவ்வளவு சொன்னீங்க?”

“இந்தி அப்படித்தான். சுருக்கமா இருக்கும்” என்றார்.

லாத்தாவிடம் போய்ச் சக்கருக்கும் கம்ஜோரிக்கும் அர்த்தம் கேட்டேன். கிறுகிறுப்பு, பலவீனம் என்றாள். இரண்டும் எனக்கு இல்லை. அன்றைக்கு என் உடம்பில் பலமாக இருந்தது கோபம்தான். புருஷன் வேலைக்குப் போன பிறகு, ஒரு புதன்கிழமை காலையில், லாத்தா புர்காவை மாட்டிக்கொண்டு என்னை மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனாள். போகிற வழியெல்லாம் என்னால் பஸ்ஸில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தத் தடவை நடுவில் திரை இல்லை, செருப்பு இல்லை, தமிழில் கொட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மனசுக்குள் மூன்று தடவை சொல்லியும் பார்த்தேன்.

டாக்டர் வயசானவர். நெற்றியில் திருநீறு, மேஜையில் வெள்ளைத் துணி. சுத்தமான மனுஷன். என்னம்மா பண்றது என்று நல்ல தமிழில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“தல வலிக்கி” என்றேன்.

இன்றுவரை எனக்கே புரியவில்லை. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் என் நாக்கில் வயிறு என்ற சொல் வரவில்லை. முன்பின் தெரியாத டாக்டரம்மாவிடம், அவளுக்குப் புரியாத பாஷையில், திரைக்குப் பின்னால் இருந்த மனுஷனை வைத்து அம்மிக்கல் உருட்டினவள், அப்பா வயசில் ஒருவர் தமிழில் கேட்டதும் தலைவலி என்கிறாள். எத்தனை நாளாக என்று கேட்டார். ரெண்டு மாசமா என்றேன். லாத்தா என் தொடையில் கிள்ளினாள். நான் அசையவில்லை. அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“எழுதாதீங்க டாக்டரு” என்றாள் லாத்தா. “பொய் சொல்லுதா. ஆறு நாளா இவ வெளிக்கிப் போவல. வவுறு கல்லு மாதிரி கெடக்கு. போன வருசம் ஒரு புள்ள கலைஞ்சு போச்சு, அந்தப் பயத்துல ராவும் பகலும் நடந்துக்கிட்டே இருக்கா.”

டாக்டர் பேனாவை மூடினார். என்னைப் படுக்கவைத்து, மரத்தில் செய்த ஊதுகுழல் மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். அவ்வளவு நேரமும் நான் கூரையில் மெல்லச் சுற்றுகிற ஃபேனின் இறக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கைதான், எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான்.

“குழந்தை நன்னா இருக்கு. குதிரை மாதிரி ஓடிண்டிருக்கு” என்றார். “வலி எல்லாம் உன் குடல்லதான்.”

நான் அப்போதுதான் மூச்சு விட்டேன் என்று லாத்தா பிறகு சொன்னாள்.

என்ன சாப்பிடுகிறாய், என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். யாரும் கேட்காத ஒன்றை அடுத்துக் கேட்டார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய்?

“காலைல ஒரு தம்ளர்” என்றேன்.

“அப்பறம்?”

“அவ்வளவுதான்.”

தண்ணீர் குடிப்பதற்கு என்ன கஷ்டம் என்றார். நான் லாத்தாவைப் பார்த்தேன், லாத்தா என்னைப் பார்த்தாள். அவளும் ஒரு தம்ளர்தான். எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் ஒரு தம்ளர்தான். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கி வந்தது, லாத்தா புர்காவை வாயில் திணித்துக்கொண்டாள். பாவம், அவர் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வைத்திருக்கிற மனுஷர். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சொன்னோம். எங்கள் பக்கத்துக்கு முனிசிபாலிட்டி கட்டின கக்கூஸ் ஒரு வரிசைதான். பொம்பிளைகள் பக்கம் நாலு கதவு, ஒன்றிலும் கொண்டி இல்லை. அடுத்த பக்கம் ஆம்பிளைகள் வரிசை. பகலில் போனால் யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். அதனால் விடியுமுன் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை, ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ளுவாள். நடுவில் வராமல் இருக்கத்தான் தண்ணீரைக் குறைப்பது, சோற்றைக் குறைப்பது. எனக்கோ இந்த வயிற்றோடு உட்கார்ந்து எழ நேரமாகும். வெளியே நிற்கிறவர்கள் கத்துவார்கள். வந்த காரியம் முடியாமலே எழுந்து வந்துவிடுவேன். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

டாக்டர் சிவப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். ஒரு சொம்பைக் காட்டி, இந்த மாதிரி நாலு சொம்பு தினமும் குடிக்க வேண்டும், போக வேண்டும் என்று தோன்றினால் அடக்கக் கூடாது என்றார். அதற்கு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிவிட்டேன். மாட்டுங்காவுக்குப் போனதைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“புள்ள?”

“நல்லாருக்காம். குதிரை மாதிரி ஓடுதாம்.”

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் ஆஸ்பத்திரியில் வயிறு என்று சொல்லவில்லை என்று கேட்டேன். கூச்சம் என்றுதான் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“போன வருசம் வயித்து வலின்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்” என்றார். “அங்க அவங்க என்ன சொன்னாங்கன்னு நான்தான் கேட்டு ஒங்கிட்ட சொன்னேன். இன்னொரு வாட்டி அதச் சொல்ல என்னால ஆவாதுட்டி. தமிழ் டாக்டருன்னா நீயே சொல்லிருவ, அதான் அங்கனயும் கூட்டிட்டுப் போவல.”

எனக்குக் கேலி பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். நானும் தலைவலி என்று சொன்ன கதையை அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு அந்த ஒரு தம்ளர் கதையையும் சொன்னேன், அப்போது சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து பாதி வேலையில் வந்தார். கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான தோல் வார், பெல்ட்டுக்குப் போடுகிற பக்கிள், சுத்தியல், ஆணி. நேராகக் கக்கூஸ் வரிசைக்குப் போய், பொம்பிளைகள் பக்கம் முதல் கதவுக்கு உள்பக்கமாக வாரை அடித்து, நிலையில் பக்கிளை வைத்து ஒரு கொண்டி பண்ணினார். உள்ளே போய்ப் பெல்ட் கட்டுகிற மாதிரி இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. வளையல் கடையில் பொய் சொல்லுகிற மனுஷர், பட்டப்பகலில், பெண்கள் வரிசைக்கு நடுவில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அடித்து முடித்ததும் வந்து என்னிடம் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். குடித்தேன். வெயிலில் அவர் பின்னாலேயே போனேன். நான் உள்ளே போய் வாரை இழுத்து மாட்டினேன். கதவின் அடியில் இடைவெளி. அதில் அவருடைய இரண்டு செருப்புகள் தெரிந்தன, முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார். எத்தனை நேரம் ஆனாலும் அவை நகரவில்லை.

அந்த வாரை மூன்றாம் நாளே யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறொன்று அடித்தார். அடுத்த கதவுக்கும் வேண்டுமென்று லாத்தா வந்து நின்றாள், அதற்கும் அடித்தார். சந்தில் அவருக்குக் கக்கூஸ் இன்ஜினியர் என்று பேர் விழுந்தது, சாகிறவரை போகவில்லை. கேட்டால் தலையை ஆட்டிக்கொள்ளுவார்.

நான் நாலு சொம்பு குடித்தேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை, இரண்டு வாரம் பிடித்தது. பிறகு மேளம் அடங்கிற்று. இழுப்பு மட்டும் எப்போதாவது வரும், வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

ஒன்பதாம் மாசம் முடிகிற நேரத்தில் ஒரு காலையில் வலி வந்தது. சோற்று வலி இல்லை என்று முதல் இழுப்பிலேயே தெரிந்தது. லாத்தாவும் கூடவே டாக்ஸியில் வந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைத் திரை. என்னைப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா என்னமோ கேட்டாள். நான் தமிழில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அதற்குள் திரைக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி.

“பேட்! பேட் மே தர்த் ஹை!”

டாக்டரம்மா என்னமோ சொன்னாள், ஆயாக்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த வலியிலும் எனக்கு அது என்னவென்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. லாத்தா குனிந்து காதில் சொன்னாள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வேறெங்கே வலித்தால் வருவார்கள் என்று கேட்டாளாம்.

மத்தியானத்துக்குள் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. குதிரை மாதிரிதான் கத்தியது.