கறுப்பு பிரேம் போட்ட பண்டிகைப் படம்

உங்கள் அம்மா இறந்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. சின்னவளே, உனக்கு அப்போது ஆறு வயது. "எதுக்கு நம்ம வூட்ல மட்டும் பொங்கல் இல்ல?" என்று கேட்டாய். "சும்மா இரு" என்றேன். மறுபடி கேட்டபோது அதட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

அந்த வாரம் நம் பிரேம் கடைக்கு வெம்பாக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். இஸ்ரேலில் வயதான யூத அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அந்த அம்மா கொடுத்த பழைய ஓவியத்தின் அச்சுப்படத்தைக் கண்ணாடி போடக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தில் நீள மேசை. வெள்ளை உடுத்திய பெரியவர். தட்டில் கீரை, பக்கத்தில் தண்ணீர். நிரம்பிய கிண்ணம் ஒன்றை யாரும் தொடவில்லை. ஒரு குழந்தை மட்டும் நின்றிருந்தது. செத்தவருக்குப் படைக்கிறார்கள் என்றே நினைத்தேன். இறந்தவர் படத்துக்குப் போடும் கறுப்பு பிரேமைப் போட்டு, மாலை மாட்டக் கொக்கியும் வைத்தேன்.

படத்தை வாங்க வந்த அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இன்னாண்ணா, யூதருங்க பஸ்கா பண்டிகைய சாவு வூடு ஆக்கி வெச்சிகினு இருக்கீங்க?"

"பண்டிகைன்னா வடை, பாயசம் எங்கம்மா? வெறும் கீரையா?"

"பச்சைக் கீரைண்ணா. உப்புத் தண்ணில தொட்டுத் துன்னுவாங்க. அந்தத் தண்ணி, முன்னோருங்க அடிமையா இருந்து அழுத கண்ணீராம். அந்தக் கிண்ணம், தீர்க்கதரிசி ஒருத்தர் வருவாருன்னு ஊத்தி வெக்கிறது."

"இந்தக் குழந்த ஏன் நிக்கிது?"

"இருக்கறதுலயே சின்னது அது. இன்னிக்கி மட்டும் ஏன் இப்பிடின்னு கேட்கணும். பெரியவங்க பதில் சொல்லியே ஆவணும். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனுக்குப் பசி உயிர் போவும்."

"கேட்கலன்னா?"

"கேட்க வெப்பாங்கண்ணா."

கொக்கியைக் கழற்றி, மரக்கலர் பிரேம் மாற்றிக் கொடுத்தேன். மதியம் வீட்டுக்கு வந்தேன். நீயும் உன் அண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"நீ கேட்டியே, பொங்கல் ஏன் இல்லன்னு" என்றேன். நீ நிமிரவில்லை. 'அம்மா செத்துட்டாங்க' என்று அதுவரை உங்களிடம் நான் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொன்னேன்.

நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மாவுக்குப் பொங்கல் புடிக்குமா?" என்றாய்.

"அடிபுடிச்சதுதான் புடிக்கும்" என்றான் உன் அண்ணன். "என்னைய பானைய சுரண்டச் சொல்லும்."

பிறகு நீ நிறையக் கேட்டாய். சிலதுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.