களத்தில் கோடு போட்ட வீடு

என்னுடைய ஒன்பதாவது வயதில் பதினைந்து நாள் நான் காராக இருந்தேன். எங்கள் பக்கம் அப்போது காருக்குப் பிளசர் என்றுதான் பெயர். பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்குள் பிளசர் வந்தால் அது கல்யாணத்துக்கு வந்ததாக இருக்கும், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வந்ததாக இருக்கும். வண்டி போய் வெகுநேரம் கழித்தும் தெருப்புழுதியில் கிடக்கும் அதன் டயர்த் தடத்தை நாய்கள் மோந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் என்னைப் பிளசராக ஆக்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா மதராஸில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மா, படிக்கவைத்தது அப்பா. அப்பாவுக்குப் பரளச்சியில் பலசரக்குக் கடை. மைத்துனர் என்ன படிக்கிறார் என்று கடையில் யாராவது கேட்டால், வீடு வரைகிற படிப்பு என்பார். அதற்கா ஐந்து வருஷம் என்று மேலும் கேட்டால், பெரிய வீடு என்று சொல்லிச் சமாளிப்பார். அந்தப் படிப்பு முடிந்ததும் மாமா என் அக்காவைக் கட்டிக்கொள்வார் என்பதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது எங்களில் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற காரியம் அல்ல. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள். சடங்கானதற்குப் பிறகு அவள் போய்வந்த இடங்கள் கோயிலும் கிணறும்தான்.

அந்தச் சித்திரையில் மாமா கடைசி வருஷத்து வேலையையும் தூக்கிக்கொண்டு விடுமுறைக்கு வந்தார். பெரிய பெரிய காகிதச் சுருள்கள், கூடவே கோடு இழுக்க, சிலுவையில் தலையை வெட்டிவிட்ட மாதிரி ஒரு மரச்சட்டம். வகுப்பில் ஆளுக்கு ஒரு கட்டடம் யோசித்து வரைந்து காட்ட வேண்டுமாம். அதில் தேறினால்தான் பட்டம். மாமா எடுத்துக்கொண்டது காருக்காக ஒரு வீடு. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றை விரித்துக் காட்டினார். அந்த ஊரில் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிறார்கள், காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிறார்கள் என்றார்.

"அவுகளுக்கு வீட்டுல சோறு போட ஆளு இல்லயாக்கும்" என்றார் அப்பா.

மாமா சிரிக்கவில்லை. நம் பக்கமும் வீட்டுக்கு ஒரு கார் வரத்தான் போகிறது, வில்வண்டியைப் போல அதை வேப்பமரத்தடியில் நிறுத்த முடியாது, கார் வீட்டுக்குள்ளேயே வந்து ஒரு வட்டமடித்துத் திரும்பிப் போகவேண்டும், அந்த வட்டத்தைச் சுற்றித்தான் அறைகள் இருக்கவேண்டும் என்று கையை வீசி விளக்கினார். கார் யாரிடம் இருக்கிறது என்று அம்மா கேட்டாள். "வரும்க்கா" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் செயின் அடிக்கடி கழன்றுவிடும்.

காகிதத்தில் எத்தனை தடவை வரைந்தாலும் மாமாவுக்கு அளவு பிடிபடவில்லை. தரையில் நிஜ அளவுக்குக் கோடு போட்டு அதற்குள் நடந்து பார்க்கவேண்டும் என்று அவருடைய வாத்தியார் சொல்லியிருந்தாராம். ஊருக்குக் கிழக்கே எங்கள் களம் வத்தல் காயவைத்து முடிந்து காலியாகக் கிடந்தது. மாமா அதன் நடுவில் ஒரு முளை அடித்தார், அதில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்தபடி சுற்றிவந்து சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி அறைகள் வந்தன. சுவர் என்பது வெள்ளைக் கோடு. வாசல் என்பது கோடு இல்லாத இடம்.

மதராஸில் ஐந்து வருஷம் இருந்ததில் மாமா ஒன்றை மறந்துபோயிருந்தார். எங்கள் பக்கத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் அது வீட்டுக்கு அஸ்திவார வாணம் தோண்டுவதற்குத்தான். கோடு போட்டு, தேங்காய் உடைத்து, கடப்பாரையை எடுத்துவிடுவார்கள். சும்மா நடந்து பார்ப்பதற்காகக் கோடு போடுகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். அன்று மத்தியானமே எதிர்வீட்டுப் பெரியம்மா வந்துவிட்டாள்.

"தம்பி வீடு கட்ட மனை கோலியாச்சு போலயே. முகூர்த்தம் தையிலயா?"

அம்மா ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் காப்பி வெளியூர் விருந்தாளிக்கு மட்டும்தான்.

மறுநாள் காலையில் மாமாவுக்கு மோர் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா அக்காவைக் களத்துக்கு அனுப்பினாள். துணைக்கு நான். களத்தில் நான், மாமா, மாடு எல்லோருமே சுவரைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று வாசல் எங்கே என்று தேடினாள். பிறகு சுற்றிக்கொண்டு போய், இடைவெளி வழியாக உள்ளே வந்தாள். மாமா அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"இந்த வீட்டுக்குள்ள ஒழுங்கா வந்த மொத ஆளு நீதான்" என்றார்.

அக்கா அடுப்படி எது என்று கேட்டாள். மாமா காட்டினார். அவள் அங்கே போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, இல்லாத அடுப்பை ஊதுகிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். "இங்கன அடுப்பு எரிஞ்சா மேகாத்துக்குப் பொக பூராவும் உங்க காருக்குள்ளதான் போகும் மாமா." மாமா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஐந்து வருஷப் படிப்பில் அவருக்கு மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்றைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. அடுப்படி கிழக்குப் பக்கம் போனது.

அன்றிலிருந்து தினமும் மோர் போனது. அம்மியும் ஆட்டுரலும் எங்கே என்று அக்கா கேட்டாள். தண்ணீர்க்குடத்தோடு வருகிறவள் காரைச் சுற்றிக்கொண்டா வரவேண்டும் என்று கேட்டாள். மாமா பின்பக்கம் ஒரு வாசல் திறந்தார், அதாவது இரண்டு முழக் கோட்டைக் காலால் அழித்தார். அவளை அடுப்படியிலிருந்து சாப்பிடும் இடத்துக்கு நடக்கவைத்து, எத்தனை எட்டு வைக்கிறாள் என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு எட்டு ஒன்பதாகக் குறைந்த அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எனக்குக் கொடுத்த வேலைதான் பிளசர். காரின் நீளத்துக்கு ஒரு மூங்கிலைக் கையில் கொடுத்து, பின்னால் இழுத்துக்கொண்டே வட்டத்துக்குள் ஓடச் சொன்னார் மாமா. வாயால் சத்தம் கொடுப்பது என் சொந்த யோசனை. முதல் இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அக்காவோடு அடுப்படிக்குள் போகப் பார்த்தேன். "காரு வீட்டுக்குள்ள ஏறக்கூடாது, அங்கனயே நில்லு" என்று மாமா சொல்லிவிட்டார். வட்டத்துக்கு நடுவே வெயிலில் நின்றேன். அவர்கள் இருவரும் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது, தூரத்தில் கானல் ஓடியது. என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு வெளியூர் போயிருந்தார்கள். மத்தியானங்களில் என்னோடு சொட்டாங்கல் ஆடுகிற ஒரே ஆள் அக்காதான். இப்போது அவள் மத்தியானங்களில் தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கி, குடங்களை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கற்களை உருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் "செத்த தள்ளி ஒக்காரு, அது வாசல்" என்பாள். எனக்கு அழுகையாக வரும். யாரிடம் போய் அழுவது என்று தெரியாததால் அழாமல் இருந்துவிடுவேன்.

கடைசியில் மாமாவுக்கு நிஜக் கார் ஒன்றை அந்த வட்டத்தில் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்தது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பிளசர் வருவது தெரிந்து, பெண் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு ஒரு நடை எங்கள் களத்துக்கும் வரச்சொல்லி டிரைவரிடம் பேசிவைத்தார். வண்டி சாயங்காலம் பூமாலை கட்டிய கோலத்திலேயே வந்தது. பின்னால் ஊரே ஓடிவந்தது. அம்மா புதுச் சுங்குடிச் சேலை உடுத்தி, தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவுக்குத் தலை நிறையப் பூ. அவளை அடுப்படிக்குள் நிற்கச் சொன்னதும் அம்மாதான்.

பிளசர் வாசல் வழியாக உள்ளே வந்து வட்டத்தில் ஒடித்தது. பாதி திரும்புவதற்குள் அதன் மூக்கு வட்டத்தை விட்டு வெளியே போய், அடுப்படிச் சுவரை அழித்துக்கொண்டு, அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நான் ஒடுங்கி ஒடுங்கித் திரும்பியதை நம்பி மாமா வட்டத்தைக் குறுக்கிவிட்டார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இது ஆடு திரும்புற எடம் தம்பி. வண்டி திரும்பாது."

ஊரே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே அளவு நாடாவோடு டயரருகில் குனிந்துவிட்டார். அம்மாவுக்கு நல்ல நேரம் தப்பிப்போகுமே என்ற அவசரம்.

"அத அப்பறம் அளக்கலாம்ப்பா. மொதல்ல ரெண்டு பேரும் கெழக்க பாத்து நில்லுங்க. தேங்கா ஒடச்சிருவோம்."

"எதுக்குக்கா?" என்று மாமா நிமிர்ந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அக்கா தலையில் இருந்த பூவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். "அக்கா, இது கட்டுற வீடு இல்லக்கா. பரிச்சைக்குப் போட்ட கோடு. வரைஞ்சு குடுத்துட்டா இதோட வேல முடிஞ்சு போச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டம் அடங்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். வாசலைத் தேடவில்லை. மீதமிருந்த சுவர்களை மிதித்துக்கொண்டு நேராக ஊரைப் பார்த்து நடந்தாள். நான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன், அவள் திரும்பவில்லை. கரிசல் பாதையில் கொஞ்ச தூரத்துக்கு அவளுடைய பாதம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அம்மா தேங்காயை உடைக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானையில் வைத்தாள்.

இரண்டு நாளில் மாமா கிளம்பிவிட்டார். போகும்முன் அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீ சொன்ன மாதிரிதான் வரையப் போறேன்" என்றார். அக்கா ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

ஆவணியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அக்காதான் வாசிப்பாள். மாமா தேறிவிட்டார். எல்லோரையும்விட அதிக மார்க்கு. "நான் அமைத்த அடுப்படியைப் பார்த்து வாத்தியார்கள் பாராட்டினார்கள்" என்று எழுதியிருந்தார். பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் அக்கா கொஞ்சம் நிறுத்தி, கடிதத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "நான் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். அவளுக்கு வேறு நல்ல இடமாகப் பாருங்கள்."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தக் காயிதத்த அடுப்புல போடு" என்றாள். அக்கா உடனே எழுந்துபோய்ப் போட்டாள். அப்பா கடையிலிருந்து வந்ததும் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சரி என்றார். மாமாவுக்கு யாரும் பதில் போடவில்லை.

தை மாதம் அக்காவை மல்லாங்கிணறு என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு இரும்புக் கடை. கல்யாணப் பத்திரிகை கிடைத்து மாமா பம்பாயிலிருந்து தாய்மாமன் சீரோடு வந்தார். அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை; ஏன் என்று அவரும் கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அக்கா போனபிறகு மத்தியானங்களில் வீட்டில் நானும் சொட்டாங்கற்களும் மட்டும் இருந்தோம். ஒரு ஆள் இரண்டு கைக்கும் ஆடினால் எந்தக் கை ஜெயித்தாலும் சந்தோஷமாக இருப்பதில்லை.

இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அக்கா அந்தக் கடிதத்தை வாசித்தபோது நான் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு தோள்வழியாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதில் மூன்று வருஷம் என்று இல்லை, வேறு இடம் என்றும் இல்லை. "அத்தான் என்னைப் படிக்கவைத்தார். அவளைக் கட்டிக்கொள்வது என் கடமை. தை மாதத்தில் நாள் பாருங்கள்" என்றுதான் இருந்தது. கடமை என்ற சொல் அந்த வாரம்தான் எங்கள் பாடத்தில் வந்திருந்தது. டீச்சர் அதை எங்களைப் பத்துத் தடவை எழுதவைத்து, நல்ல பிள்ளைகளுக்கு இதைவிட அழகு வேறு இல்லை என்று சொல்லியிருந்தார். அவ்வளவு நல்ல சொல் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது, எட்டாவது வரை படித்த அக்காவுக்கு அதைச் சரியாக வாசிக்கத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால் அவளைத் திட்டுவாளே என்று சும்மா இருந்துவிட்டேன்.