எலுமிச்சம்பழத்தை நசுக்காத புல்டோசர்

இங்கே லாசால் பகுதியில் பழைய புல்டோசர் ஒன்றை வாங்கிய எங்கள் ஆள் ஒருவர், போன கிழமை செயின் திருத்த என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, லிங்க்குகளைக் கோக்கிற பின், புஷ் எல்லாம் தேஞ்சு செயின் நீண்டுபோச்சு. எல்லாத்தையும் கழட்டி, தேயாத பக்கம் வாறமாதிரித் திருப்பிப் போடவேணும்" என்றேன்.

"ஒரு லிங்க்கைக் கழட்டினா இறுகும்தானே? மெக்கானிக்மார் எல்லாரும் கள்ளர்!"

"இறுகும். ஆனா செயினை இழுக்கிற சில்லின்ர பல்லிலை பொருந்தாது. கழண்டு விழும்."

யாரையோ பிடித்து அந்த லிங்க்கைக் கழற்றியே விட்டார்.

இன்று வண்டிக்குப் பூசை. "வந்து பார்" என்று வீம்புக்கு அழைத்தார். நானும் வீம்புக்குப் போனேன். மாலை, சந்தனப் பொட்டு, செயினுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள்.

வண்டி ஓரடி நகர்ந்தது. பழத்தைத் தொடுமுன்பே செயின் கழன்று சேற்றில் படுத்துவிட்டது.

வந்திருந்த சனத்துக்கு முன்னால் என்னைக் காட்டிக் கத்தினார்: "உவன்ர நாவூறுதான், உவன்ர வாய் பட்டதுதான்! அண்டைக்கே விழுமெண்டு சொன்னவன்!"

"அப்ப நாவூறைக் கழிச்சிட்டு வண்டியை ஓடிப் பாருங்கோ அண்ணை" என்றுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் புல்டோசருக்கு நாவூறு கழிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், அவரிடம் அனுப்பி வைக்கிறேன். சுற்றிப் போடச் செத்தல் மிளகாயை மூட்டையாகக் கொண்டு போங்கள். சுற்ற வேண்டியது வண்டிக்கு அல்ல, அவருடைய தலைக்கு.