தென்னந்தோப்பில் தோண்டிய ரோமாபுரி

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி கொண்டு பள்ளம் பறித்த அன்று, மண்ணோடு ஒரு சுட்ட களிமண் கைப்பிடியும் வந்தது. நம்மூர்ப் பானைக்குக் கைப்பிடி ஏது? படம் எடுத்து, பாலக்காட்டில் தொல்லியல் கற்பிக்கும் ஒரு கல்லூரி ஆசிரியைக்கு அனுப்பினேன். ரோமிலிருந்து மது வந்த ஜாடியின் காது போலிருக்கிறது, தோண்டுவதை நிறுத்துங்கள் என்று உடனே பதில் வந்தது.

அப்போது என் மனைவியின் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். ரோம் என்று நான் வாய்விட்டுப் படித்ததுமே அவர் கண்ணில் தங்கக் காசு மின்ன ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க மாப்ளே, ஜாடியே இத்தன தொலவு வந்திருக்குதுன்னா, கொண்டாந்தவன் மடியில ஒண்ணுமில்லாமயா வந்திருப்பான்?"

ஆசிரியை வந்து சேர ஒரு வாரம் ஆனது. அதற்குள் மச்சான் பள்ளத்தின் சுவரைப் பக்கவாட்டில் குடைந்து, இடுப்பளவு உள்ளே போய்விட்டார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், டார்ச் பிடித்ததே நான்தான்.

ஆசிரியை குனிந்து அந்தக் குகையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று இருவரும் தலைகுனிந்து நின்றோம்.

"இத்தாலியில பொம்பெயிலயும் முதல்ல ராஜாவோட ஆட்கள் இப்பிடித்தான் தோண்டினா, சேட்டா. எரிமலைச் சாம்பல்ல மூடிப்போன ரோமானிய ஊர். சுரங்கம் போட்டு, சிலையை எடுப்பா, சுவர்ல இருக்கற சித்திரத்தை வெட்டி எடுப்பா, அரண்மனைக்குக் கொண்டுபோவா. மிச்சத்தை அப்பிடியே விட்டுடுவா."

மச்சான் நிமிர்ந்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

ஆசிரியையின் முறை வேறு. அவரும் அவர் மாணவர்களும் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். கரண்டியாலும் தூரிகையாலும் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி, மண்ணின் நிறம் மாறும் இடத்தில் சீட்டுக் குத்தி, எல்லா மண்ணையும் சலித்தார்கள். ஒரு நாளைக்கு நாலு விரற்கடை ஆழம்.

"இந்த வேகத்துக்கு ரோமாபுரிக்கே நடந்து போயிட்டு வந்தரலாமுங்க" என்றார் மச்சான்.

பொம்பெயிலும் பிற்காலத்தில் இப்படி மேலிருந்து கீழே தோண்டப் பழகிய பிறகுதான் வீடுகள் முழுதாகக் கிடைத்தன என்றார் ஆசிரியை. செத்தவர்களின் உடல் மக்கி, இறுகிய சாம்பலில் வெறும் பொந்து மட்டும் மிஞ்சியிருந்ததையும், அதற்குள் சுண்ணச்சாந்தை ஊற்றி இறுகவிட்டு ஆள் உருவத்தையே எடுத்ததையும் சொன்னார். மச்சான் மறுகேள்வி கேட்காமல் எழுந்து போனார்.

மறுநாள் முதல் நான்கு நாள் ஆசிரியைக்குக் கல்லூரியில் தேர்வு வேலை. தோப்பின் தென்கோடியில் மச்சான் ஒரு பொந்தைக் கண்டுபிடித்திருந்தார். மோட்டார் அறை கட்டியதில் மீந்த சிமென்ட்டைக் கரைத்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"பெரிய ஆளாட்ட இருக்குதுங்க" என்றார் பயபக்தியோடு.

மூன்று நாள் கழித்துச் சுற்றிலும் தோண்டி எடுத்தோம். கையும் காலுமாகப் பல கிளைகளோடு, நடுவில் பருத்து, ஓர் உருவம் வந்தது. இரண்டு கால் கூடுதலாக இருந்ததை மச்சான் பொருட்படுத்தவில்லை. தகவல் பரவி, பக்கத்துத் தோட்டத்தார் ஒருவர் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, செம்பருத்தியும் சாத்திவிட்டார்.

ஆசிரியை வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வார்ப்பு, சேட்டா. இது குட்டி போடற அறை, இது தேங்காய் சேர்த்துவைக்கற அறை. பெருச்சாளி வளை."

மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை. "பெருச்சாளியாவே இருக்கட்டுமுங்க. ரோமாபுரிக் காலத்துப் பெருச்சாளியா இருக்கக்கூடாதா?"

ஆசிரியை சிமென்ட்டில் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் சுரண்டினார். ஷாம்பு பாக்கெட்.

"ஒரு குழியோட வயசை அதுக்குள்ள கிடக்கற புதுச் சாமானை வச்சுத்தான் சொல்லணும்" என்றார். சிரிக்காமல் சொன்னதுதான் மச்சானுக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் மேலும் சில பானை ஓடுகளும் ஒரு பாசிமணியும் கிடைத்தன. காசு ஒன்றுகூட இல்லை. கயிறு கட்டிய இடத்தில் பாதியைத் தோண்டாமலே விட்டு, எல்லாவற்றையும் மண் போட்டு மூடச் சொன்னார் ஆசிரியை.

"மீதிப் பாதி?" மச்சான் பதறிவிட்டார்.

"அது நமக்கப்பறம் வரவாளுக்கு. நம்மளைவிட நன்னா தோண்டத் தெரிஞ்சவா வருவா. பொம்பெயிலயும் ஒரு பெரிய பங்கை அப்பிடியே விட்டுவச்சிருக்கா."

"தோண்டாம உடறதுக்கா இத்தன படிப்பு?" என்று மச்சான் என்னிடம்தான் கேட்டார், ஆசிரியையின் கார் கிளம்பிய பிறகு. மூடிய இடத்தில் வேர் ஆழம் போகாத பயிர் எதுவானாலும் போடலாம் என்று ஆசிரியை அனுமதித்திருக்கிறார். இப்போதைக்கு அங்கே தண்டங்கீரை.