ஒரு மிடறு தண்ணீர்

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நல்லவர். காலையில் நானும் நான்கு வயது மகள் நிலாவும் பள்ளிக்குக் கிளம்பும்போது, "எக்கடிக்கி மேடம்?" என்று கேட்பார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியும். இந்த ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரி. நான் திரும்ப மாடியேறி, சற்று உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவேன். நான் பிறந்த நாகப்பட்டினத்தில், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில், கிளம்புகிறவரிடம் எங்கே, எப்போது என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் இதுதான் பரிகாரம். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் வாழும் குடும்பத்தில் பிறந்த என் கணவர் ரவி, "ஹவ், ஆமா, ஒரு கேள்விக்கு ஒரு டம்ளர்!" என்று சிரிப்பார். காரணத்தை அவரிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

என் அப்பா விசைப்படகு டிரைவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு நாள், படகு துறையை விட்டு விலகிய பிறகு, "எப்ப வருவீங்கப்பா?" என்று கத்திவிட்டேன். அப்பா கையசைத்தார். இறங்கித் தண்ணீர் குடிக்க வழியில்லை. அந்தப் படகு திரும்பவில்லை. அம்மா என்னை ஒரு சொல் கூடத் திட்டவில்லை, இன்றுவரை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற மாதம் ரவிக்கு ஓய்வு வேண்டும் என்று பாபட்லா பக்கம் ஒரு சிறு மீன்பிடித் துறைமுகத்தருகே கூடாரம் எடுத்துத் தங்கினோம். சவுக்கு நிழல், வலை உலரும் வாசனை, ரவியின் குறட்டை. எல்லோரும் ஓய்வெடுத்தார்கள். நான் இரண்டு நாளும் நிலாவின் கையை விடவில்லை. கடைசி நாள் காலை, பத்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். துறையில் ஒரு முதியவர் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டக் கையை விட்ட நொடியில் நிலா ஓடிப்போய்க் கேட்டுவிட்டாள்: "தாத்தா, எக்கடிக்கி? எப்புடொஸ்தாவ்?"

"பதகொண்டு கண்டலக்கு, பங்காரம்!" என்றார் அவர். பதினோரு மணிக்கு வருவேன், தங்கமே. சொல்லிக்கொண்டே படகில் ஏறிவிட்டார்.

முழங்கால் தண்ணீரில் ஓடி, நிலாவின் பள்ளி பாட்டிலை நீட்டினேன். "திகண்டி... நீள்ளு தாகண்டி" என்று, இறங்கித் தண்ணீர் குடிக்கச் சொல்லி, எனக்குத் தெரிந்த தெலுங்கில் கெஞ்சினேன். அவர் முகம் மலர்ந்தது. பாட்டிலை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, "தேங்க்ஸ் அம்மா!" என்று வலைமேல் வைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார். நான் தானம் செய்ததாக நினைத்துவிட்டார்.

"காய்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? வேற பாட்டில் வாங்கிக்கலாம்" என்றார் ரவி.

"அவர் வர்ற வரைக்கும் நான் கிளம்பல."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ரவி கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான், கடலைப் பார்த்தபடி, அப்பாவைப் பற்றி முதல்முறையாக முழுதும் சொன்னேன். ரவி சிரிக்கவில்லை. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. நிலா மணலில் சிப்பி பொறுக்கினாள். அவளிடம் கோபித்துக்கொள்ளவும் பயம், கோபிக்காமல் இருக்கவும் பயம். அம்மாவின் மௌனம் எனக்கு அன்று கொஞ்சம் புரிந்தது.

பன்னிரண்டரைக்குப் படகு வந்தது. "லேட் தாத்தா!" என்று நிலா கத்தினாள். அவர் சிரித்து, காலி பாட்டிலைக் கொடுத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது, ரவிதான் சொன்னார்: "அவர் வீட்ல இப்ப யாரும் இல்லையாம். எப்ப வருவேன்னு கேக்க ஒரு ஆள் இருந்தா, சீக்கிரம் வரத் தோணுதாம்."

திரும்பும் வழியில், கார் நல்கொண்டா தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் காதிலும் என் கேள்வி அப்படித்தான் விழுந்திருக்குமா? அப்படியென்றால் அவர் ஏன் வரவில்லை? என் கேள்விதான் காரணம் என்று நினைத்திருந்தவரை, அவர் வராததற்கு ஒரு பதிலாவது இருந்தது.

திங்கட்கிழமை வாட்ச்மேன் வழக்கம்போல், "எக்கடிக்கி மேடம்?" என்றார்.

"ஸ்கூல்கி" என்றேன், முதல்முறையாக. மாடியேறவில்லை. நிலா ஆச்சரியமாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெருமுனைவரை நடந்தேன். அங்கே, வாட்ச்மேன் கண்ணில் படாத ஒரு மதிலோரம் நின்று, அவள் பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். எத்தனை முறை கழுவியும் அதன் மூடியில் இன்னும் உப்புக் கரிக்கிறது.