ஒன்றரைச் சாண் பட்டுக்கரை

பன்னிரண்டாவதில் கணக்கில் தோற்றதும் வீட்டில் என்னைத் தையலுக்கு அனுப்பினார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் மூன்று மெஷின் போட்டு ஓர் அக்கா தைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்னோடு தையல் பழகியவள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அத்தா சவுதியில் இருந்தார்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை அக்கா ஒரு சாக்கில் போட்டுவைப்பார். "மூட்டையில இருக்கறதெல்லாம் உங்களுக்குத்தாண்டி, என்ன வேணா பண்ணிக்குங்க" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சாக்கைக் கவிழ்த்துப் பொறுக்குவோம். பிளாஸ்டிக் வளையல்களுக்குத் துணி சுற்றி ஓரத்தில் லேஸ் ஒட்டுவோம். எலாஸ்டிக் கோத்து ஹேர் பேண்ட் தைப்போம். அவள் கை சுத்தம். எங்கே துணி தொடங்கியது, எங்கே முடிந்தது என்றே தெரியாது. நான் சுற்றினால் இரண்டு நாளில் பிரிந்துவரும். பிளவுஸ் வாங்க வரும் பெண்கள் அவளுடைய வளையலைத்தான் கேட்பார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் தை மாதத்தில் அரியலூரில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். என் கையால் செய்த வளையலை அவள் போட்டுக்கொள்ள வேண்டும், பார்ப்பவர்கள் யார் செய்தது என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சமயத்தில்தான் உடையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இறந்துபோன தாயாரின் பட்டுப்புடவையில் கிழியாமல் மிஞ்சிய அரக்குக் கரையைக் கொடுத்தார்.

"பொண்ணுக்கு நிச்சயம். பிளவுஸ்ல ரெண்டு கைக்கும் இந்தக் கரையைத்தான் வெக்கணுங்க" என்றார். நான் பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

மறுநாள் அக்கா சாப்பிடப் போனார். லப்பைக்குடிக்காட்டுக்காரி கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படியும் மிஞ்சும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒன்றரைச் சாண் வெட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

மிஞ்சவில்லை. இரண்டாவது கைக்குப் பற்றவில்லை.

அக்கா எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். அந்த வாரம் துணிகளைத் தேய்த்து அடுக்கியது அவள் என்பதால் முதலில் அவள் பையைத்தான் திறந்தார். அரக்கு இல்லை. ஆனால் வேறு பட்டுத் துண்டுகள் நாலைந்து இருந்தன.

"மூட்டையில எடுத்ததுக்கா" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. மூட்டையில இருந்ததா?"

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பொறுக்கியிருந்தோம். அதில் இருந்த பச்சைத் துண்டை அவளுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

"தெரியலக்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார் அக்கா. படியிறங்கும்போது அவள் என்னிடம் மெதுவாக, "நீயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றாள். அப்போதும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை.

உடையார்பாளையத்து அம்மா வந்து, ஒட்டுப்போட்ட கையைப் புரட்டிப் பார்த்தார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தில் எல்லோரும் அந்த அரக்கு வளையலைப் பற்றிக் கேட்டார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மூன்று வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முன்பு, பஸ் ஏறி லப்பைக்குடிக்காடு போனேன். அவள் கல்யாணமாகிக் கணவனோடு துபாயில் இருந்தாள். அவளுடைய அம்மா என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ அத்தா போன்ல, உண்மையச் சொல்லு, உண்மையச் சொல்லுன்னு கேட்டாரு. எங்களுக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. நானும் ரெண்டு அடி அடிச்சுட்டேன்."

அவர் ஆறிப்போன டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"அந்தத் தையல் டீச்சர்கிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"மொதல்ல அங்க போய்ச் சொல்லு."

அன்றைக்கே பெரம்பலூரில் இறங்கி மாடி ஏறினேன். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவ பையத் தொறந்தது நான்தானே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நீ கெளம்பு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் லப்பைக்குடிக்காடு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாக, அக்காவிடம் தைக்கும் ஒரு பெண் சொன்னாள். தன்னோடு வர என்னைக் கூப்பிடவில்லை. துபாய்க்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. உடையார்பாளையத்து அம்மாவின் வீடு எது என்று விசாரித்துப் போக மட்டும் எனக்குத் துணிச்சல் வரவே இல்லை.